எட்டு ஐம்பத்தைந்து

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது டீச்சர். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்ல வராது. பாதியில் பின்னால் போவேன், பிறகு முன்னால் வருவேன். நீங்கள் கேள்வி கேட்காமல் கேட்டால் நல்லது. கேள்வி கேட்டால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். படபடப்பு வந்தால் இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒரு தடவை அப்படித்தான்... இருங்கள், முதலிலிருந்து வருகிறேன்.

நீங்கள் டீச்சர்தானே? மடியில் பரீட்சைத் தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. அதைப் பார்த்துத்தான் இந்த விசாரணை நோட்டீஸைப் படித்துக் காட்டச் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன். நீங்களும் நம்பிச் சத்தமாகப் படித்தீர்கள். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். நான் உடனே, “மூணாவது வரியை விட்டுட்டீங்க” என்று விரலை வைத்துவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. அப்போது என்னை ஒரு பார்வை பார்த்தீர்களே, அந்தப் பார்வைக்காகத்தான் சொல்கிறேன். படிக்கத் தெரிந்தவள் ஏன் தெரியாது என்கிறாள், ஏதோ களவாணி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் இறங்கிப் போகக் கூடாது. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

மெதுவாகப் பேசுகிறேன். முன்னால் மூன்றாவது சீட்டில் சாம்பல் நிறச் சேலை, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாளே, அவள் பவுலின். என் கொழுந்தன் பெண்டாட்டி. இரண்டு பேரும் மதுரைக்கு விசாரணைக்குப் போகிறோம். அவள் புருஷன் கஸ்பார் கடலில் போனதைப் பற்றிய விசாரணை. அவள் விழித்தால் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நீங்கள் தாளைத் திருத்துகிற மாதிரி இருங்கள். அருப்புக்கோட்டையில் இறங்குவதாகக் கண்டக்டரிடம் சொன்னீர்கள். அதுவும் எனக்கு ஒரு தைரியம்.

என் வீட்டுக்காரர் பெயர் இன்னாசி. பிறந்ததிலிருந்து கடல்தான். கஸ்பார் அவருக்குத் தம்பி. இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போவார்கள். வலை இல்லை, தூண்டில். தூண்டில்காரனுக்கு எது முக்கியம் என்றால் பார். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு. கலவாய், விளமீன், பாறைமீன் எல்லாம் அதைச் சுற்றித்தான் மேயும். மேலே நின்று பார்த்தால் வெறும் தண்ணீர். எங்கே பார் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குச் சோறு, தெரியாதவனுக்குத் தண்ணீர்.

இப்போது அதற்கு ஜிபிஎஸ் மிஷின் வந்துவிட்டது. பார் கிடைத்த இடத்தில் பித்தானை அழுத்தினால் இரண்டு நம்பர் காட்டும். ஒன்று வடக்கு, ஒன்று கிழக்கு. அந்த இரண்டு நம்பரும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதே பாரின் தலையில் போய் நங்கூரம் போடலாம். அதற்குப் பாயிண்ட் என்று பெயர். எங்கள் கரையில் ஒருவன் தன் பெண்டாட்டி நகையைக் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுப்பான், பாயிண்டைக் கொடுக்க மாட்டான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் மாமனார் காலத்துப் பார் ஒன்று இருந்தது. ராயப்பன் என்று ஒருத்தர், எங்கள் தெருதான், ஒருநாள் கடலில் வைத்துத் தீப்பெட்டி கேட்கிற சாக்கில் எங்கள் வள்ளத்தில் ஏறி, மிஷினில் நின்ற நம்பரை மனசில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் அந்தப் பாரின் மேல் முப்பது வள்ளம். தை பிறப்பதற்குள் அங்கே செதில்கூட இல்லை. அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதிலிருந்து மிஷினில் எதையும் ஏற்றி வைக்கிறதில்லை. அப்பப்போ அழித்துவிடுவார். நம்பரெல்லாம் ஒரு நோட்டில். அந்த நோட்டு என்னிடம்.

ஏன் என்னிடம் என்றால் என் கையெழுத்துதான். அவர் மூன்றாம் வகுப்பு. நான் ஆறாம் வகுப்பில் பாதி. அம்மா கருவாட்டு ஆலைக்குப் போனதால் தம்பியைப் பார்க்க ஆள் இல்லாமல் என்னை நிறுத்தினார்கள். ஆனால் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் டீச்சர். பிலோமினா சிஸ்டர் என் நோட்டை அடுத்த வகுப்புக்குக் கொண்டுபோய், “பிரகாசி எழுதியிருக்கதைப் பாருங்க, கழுதைங்களா” என்று காட்டுவார்கள். பிரகாசி நான்தான்.

அவர் கடலிலிருந்து வந்து சிகரெட் அட்டையில் கிறுக்கியிருக்கிற நம்பரை நீட்டுவார். நான் நோட்டில் எழுதிப் பக்கத்தில் பாருக்கு ஒரு பேர் வைப்பேன். சிலுவைப் பார், கிழட்டுப் பார், தையல்மிஷின் பார் என்று. இருக்கிறதிலே நல்ல பார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. எங்கள் கரையிலிருந்து வடகிழக்கே, விடியற்காலை புறப்பட்டால் இரண்டரை மணி நேரம். முதல் நாளே வள்ளம் தாழும்படி மீன். அதற்கு என்ன பேர் வைக்க என்று கேட்டேன். “உன் பேரை வையி. வேற யாரு பேரை வைக்க?” என்றார். கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே மரியாதை அதுதான். பிரகாசிப் பார்.

நோட்டை என்னிடம் கொடுக்கும்போதெல்லாம் அவர் சொல்வது ஒன்றுதான். “உசிரே போனாலும் யார்ட்டயும் காட்டிராத.” இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். உசிரே போனாலும் என்றார். நானாகச் சொல்லவில்லை.

ஒரு மழைக்குப் பழைய நோட்டு நனைந்துவிட்டது. புது நோட்டு வாங்கி எல்லாவற்றையும் பார்த்து எழுதினேன். சிகரெட் அட்டையில் எட்டு என்று எழுதி அதன் தலைப்பக்கம் ஒரு சின்னச் சுழி இருக்கும். பூஜ்யத்தைவிடச் சின்னது. பிறகு ஒரு இடைவெளி விட்டு ஐம்பத்தைந்து. பழைய நோட்டில் நானும் அப்படியே எழுதியிருந்தேன். இப்போது அசிங்கமாகத் தெரிந்தது. அவருக்குக் கை நடுங்கி விழுந்த சுழி என்று நினைத்தேன். இரண்டு எண்ணுக்கு நடுவே நாம் பள்ளிக்கூடத்தில் என்ன வைப்போம்? புள்ளி. அழகாகப் புள்ளி வைத்தேன். எட்டு, புள்ளி, ஐம்பத்தைந்து. எழுபத்தெட்டு, புள்ளி, இருபத்தெட்டு. அப்படி அறுபது பாயிண்டும். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அதற்குப் பிறகு அவர் கேட்டால் எட்டு, ஐம்பத்தைந்து என்று வாயால் சொல்லிவிடுவேன், புள்ளி அவர் கண்ணில் படவில்லை.

இந்த நம்பரை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லையே? எழுதினாலும் பரவாயில்லை. நான் சொன்னது நிஜ நம்பர் இல்லை. பக்கத்து நம்பர்.

அந்த ஆனி மாதம் கச்சான் காற்று எடுத்த எடுப்பிலேயே பேயாக அடித்தது. கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிற காற்று. அந்தக் காற்றில் இஞ்சின் நின்றால் வள்ளம் கரை சேராது, வெளியே வெளியே போய்க்கொண்டே இருக்கும். வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நானும் பவுலினும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தோம். என் போன் அடித்தது. நடுக்கடலில் எப்போதாவது ஒரு கோடு சிக்னல் வரும். கரகர என்று சத்தம், காற்று, அதற்குள் அவர் குரல்.

“இஞ்சின் போச்சுடி. உன் பேர்ல கிடக்கோம். நங்கூரம் புடிச்சிருக்கு. கயிறு ரொம்ப நாள் தாங்காது. நம்பரைக் குடு.”

அவ்வளவுதான். அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், போகவில்லை.

உன் பேரில் கிடக்கிறோம் என்றால் எனக்கு மட்டும்தான் புரியும். அந்த நிலைமையிலும் மனுஷன் பாரை வெளியே சொல்லவில்லை பாருங்கள். ஆனால் நம்பரைக் கொடு என்றாரே, யாரிடம் கொடு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் இல்லையா? ஒரு வார்த்தை. நான் அதைத்தான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பவுலின் கத்தியைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினாள். அவள் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. முதலில் வந்து நின்றது யார் தெரியுமா? ராயப்பன்.

“மதினி, நம்பர் இருக்கா? இருந்தா குடுங்க. நான் இப்பவே வள்ளத்தைத் தள்ளுதேன். சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரையும் கட்டி இழுத்துட்டு வந்துருதேன்.”

சட்டைகூடப் போடவில்லை. டீசல் கேனைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தார். பின்னால் நாலைந்து பேர். எல்லார் கையிலும் மிஷின். நான் அந்த மிஷின்களைப் பார்த்தேன். முப்பது வள்ளத்தையும் பார்த்தேன், பார் மேல் நிற்கிற மாதிரி.

“எனக்கு நம்பரெல்லாம் தெரியாதுண்ணே” என்றேன். “நான் ஆபீஸ்ல போய்ச் சொல்லிக்கிடுதேன்.”

“நம்பர் தெரியாம ஆபீஸ்ல என்னத்தச் சொல்வீக?”

“அவிக பார்த்துக்கிடுவாக.”

ராயப்பன் என்னையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தீப்பெட்டி ஞாபகம் வந்திருக்கும். வரட்டும்.

நோட்டு அந்தோணியார் சுரூபத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்துப் பார்த்து, தேதி கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம் நம்பரை எழுதினேன். நோட்டைத் திரும்ப வைத்துவிட்டு, தாளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கடலில் காணாமல் போனால் தகவல் கொடுப்பதற்கு ஒரு ஆபீஸ் திறந்திருந்தார்கள். பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு வாக்கி டாக்கி. அங்கே இருந்தவர் தனசேகர். நாற்பது வயது இருக்கும். கரூர்ப் பக்கம். வந்து ஒன்றரை மாதம்தான். கடல் காற்று ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் மூக்கில் கைக்குட்டை.

நான் முதலில் கதவைச் சாத்தச் சொன்னேன். அவர் பயந்துவிட்டார். பிறகு இந்த நம்பரை வாக்கியில் சத்தமாகச் சொல்லக் கூடாது, கரையில் யாரிடமும் காட்டக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். “பெரியவங்களுக்கு அனுப்பணுமேம்மா” என்றார். அனுப்புங்கள், போனில் எழுதி அனுப்புங்கள், வாயால் சொல்லாதீர்கள் என்றேன். சரி என்றார். தாளைக் கொடுத்தேன்.

தாளைப் பார்த்தார். போனைப் பார்த்தார். “நல்ல கையெழுத்துக்கா” என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் சந்தோஷமா என்று கேட்காதீர்கள், இருந்தது, சொல்கிறேன்.

பிறகு கேட்டார். “இது புள்ளிதானேக்கா?”

“புள்ளிதான். புள்ளி வைக்கத் தெரியாதா எனக்கு?”

“இல்ல, கேக்கறேன். எனக்கு இதுல பழக்கமில்லீங்க. வெளிய நிக்கறாங்களே, அவங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?”

வெளியே ராயப்பன் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்தேன். “கேட்டீங்கன்னா தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு நான் போயிட்டே இருப்பேன்” என்றேன். படபடப்பில் சொன்னதுதான். நிஜமாகக் கிழித்திருப்பேனா? மாட்டேன். அவர் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். சம்பளம் வாங்குகிறவர்.

அவர் நம்பரைப் போனில் போட்டார். வரைபடத்தில் நீலத்துக்கு நடுவே சிவப்பாக ஒரு குறி வந்து விழுந்தது. “கடல்லதான் விழுகுதுங்க” என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். ஆமாம், கடல்தான். இரண்டு பேருக்கும் நிம்மதியாகிவிட்டது. மத்தியானம் ரோந்துப் படகு போகும் என்று தகவல் வந்தது. போயும் விட்டது.

இப்போது நான் சொல்வதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரோந்துப் படகு எங்கள் கரைக்கு எதிரேதான் தாண்டிப் போனது. எல்லாரும் மணலில் நின்று பார்த்தோம். அது வலது பக்கமாகத் திரும்பியது. தெற்கே. திருச்செந்தூர்க் கோபுரம் தெரிகிற கடலைப் பார்த்துப் போனது.

ராயப்பன் சொன்னார், “தெக்க என்ன கிடக்குன்னு போறானுவ? இன்னாசி தெக்க தொழில் பார்த்து நான் பார்த்ததே இல்லையே.”

பவுலின் என் கையைப் பிடித்தாள். “அக்கா, அத்தான் வடக்கதானே போவாக? நேத்து இவுக எங்கிட்ட வடக்கன்னுதான் சொல்லிட்டுப் போனாக.”

“கப்பல் ஓட்டுறவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமாக்கும்?” என்றேன்.

நான் படித்தது ஆறாம் வகுப்பு. அவர்களிடம் எத்தனை மிஷின் இருக்கும்! சுற்றிக்கொண்டு போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதோடு... உங்களிடம் சொல்கிறேன், பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. அது தெற்கே திரும்பினதும் எனக்கு மனசுக்குள் ஒரு சின்ன ஆறுதல். பார் எங்கே இருக்கிறது என்று இவர்கள் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை என்று. ஒரு நிமிஷம்தான். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் படகு தெற்கேயே சுற்றியது. சனிக்கிழமையும். தனசேகரிடம் போனேன். “கொடுத்த இடத்துல யாருமே இல்லைங்கறாங்கக்கா. நம்பர் சரிதானே?” என்றார். சரிதான் என்றேன். நம்பர் சரிதான் டீச்சர். நம்பரில் ஒரு எண்கூட மாறவில்லை. ராயப்பன் தன் டீசலில் இரண்டு நாள் வடகிழக்கே போய்ப் போய் வந்தார். நம்பர் இல்லாமல் கடலில் ஒரு வள்ளத்தைத் தேடுவது எப்படி? இரண்டாம் நாள் திரும்பி வந்தவருக்குக் கண்ணெல்லாம் உப்பு. எங்கள் வாசலில் நின்று, “மதினி, ஏதாவது ஞாபகம் வருதா? ஒரு எண்ணு வந்தாக்கூடப் போதும்” என்று கேட்டார். பவுலின் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் தெரியாது என்று சொல்லிவிட்டேனே. மூன்றாம் நாள் தெரியும் என்று எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்வீர்களா?

கேள்வி கேட்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு நானே கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பாம்பன் வள்ளக்காரர்கள் என் வீட்டுக்காரரைக் கண்டு எடுத்தார்கள். எங்கேயோ எல்லைக்குப் பக்கத்தில். வள்ளத்தில் அவர் மட்டும் இருந்தார். கஸ்பார் இல்லை. குடிதண்ணீர் வெள்ளியன்றே தீர்ந்துவிட்டதாம். சனி மத்தியானம் நங்கூரக் கயிறு அறுந்து வள்ளம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஞாயிறு கஸ்பார் உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கிறான், அண்ணன் தடுத்தும் கேட்கவில்லை. திங்கள் காலையில், “அண்ணே, பவுலின் கரையில நிக்கா, இந்தா வாறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான். தரையில் இறங்குகிற மாதிரி இறங்கினானாம். இவருக்குக் கையைத் தூக்கக்கூடப் பலம் இல்லை.

அவன் உடம்பு கிடைக்கவில்லை. கோயிலில் அவன் சட்டையை வைத்துப் பூசை முடித்தோம். கட்டம் போட்ட சட்டை. பவுலின் அதை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேச்சு வருவதற்கு இரண்டு நாள் ஆனது. உதடெல்லாம் வெடித்திருந்தது. வந்த முதல் பேச்சு இதுதான்.

“ரெண்டரை நாள் நான் உன் பேர்லயேதான் கிடந்தேன். ஒரு அடி நகரல. ஏன் யாருமே வரல? நம்பரைக் குடுத்தியா, குடுக்கலையா?”

கொடுத்தேன் என்றேன். எப்படிக் கொடுத்தாய் என்றார். விரலால் கட்டில் விரிப்பில் எழுதிக் காட்டினேன். எட்டு, புள்ளி, ஐம்பத்தைந்து.

அவர் அந்த விரிப்பைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. அதைக் காட்டினார்.

“எட்டு ஐம்பத்தஞ்சுன்னா பெரிய முள்ளு எங்க நிக்கும்?”

“பதினொண்ணுல.”

“ஒம்பது அடிக்க எத்தனை நிமிசம்?”

“அஞ்சு.”

“கடல் நம்பரும் அப்படித்தான்டி. அறுபது நிமிசம் சேர்ந்தாத்தான் ஒண்ணு. அதுக்குத்தான் அந்தச் சுழி. நீ புள்ளி வச்சா அது நூறு கணக்கு. நூத்துல ஐம்பத்தஞ்சு எவ்வளவு? பாதிக்குக் கொஞ்சம் கூட. எட்டரை தாண்டி மூணு நிமிசம். கடல்ல ஒரு நிமிசம் ஒரு மைலு. ஒம்பதடிக்க அஞ்சு நிமிசம் இருக்கப்ப வாறேன்னு சொன்னவனை நீ எட்டரைக்குத் தேடியிருக்க.”

நான் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். இருபத்திரண்டு மைல். மற்ற நம்பரும் அப்படியே. கழித்தல் எனக்கு நன்றாக வரும்.

“ராயப்பன்ட்ட அந்தத் தாளைக் காட்டியிருந்தா அவன் ஒரு நொடியில சொல்லியிருப்பானே” என்றார்.

“நீங்கதானே உசிரே போனாலும்னு சொன்னீக?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதோடு கடலும் நின்றது. இப்போது முற்றத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தூண்டில் கட்டிக் கொடுக்கிறார். சோறு வேண்டும் என்றால், “ஏ” என்பார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பவுலினிடம் இதை அவர் சொன்னதும் இல்லை. அதற்கு நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன்.

ஊரில் எல்லாரும் ஆபீஸைத்தான் சொன்னார்கள். ஆபீஸ்காரன் தப்பான இடத்துக்கு அனுப்பிவிட்டான் என்று. நானாக ஒன்றும் சொல்லவில்லை. பவுலின் மனு எழுதி வாங்கினாள். தனசேகரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பாவம்தான். ஆனால் நினைத்துப் பாருங்கள், மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அறுபதா நூறா என்று தெரிய வேண்டாமா? நான் சாளை ஆய்கிறவள். எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதம் கழித்து தனசேகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே அவர் மனைவி, இடுப்பில் குழந்தை. நானும் பவுலினும் அதே முற்றத்தில்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஓரமாக உட்கார்ந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். தனசேகர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை எடுத்தார். உள்ளே காலண்டர் தாள். கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். பத்திரமாக வைத்திருக்கிறார்.

“அக்கா, நான் யாரையும் குத்தம் சொல்ல வரலீங்க. இது நீங்க எழுதிக் கொடுத்ததுன்னு மட்டும் சொல்லிருங்க. புள்ளிதானேன்னு நான் கேட்டேன், நீங்க ஆமான்னீங்க. அது போதும். எனக்கு வேலை போயிரும்க்கா.”

பவுலின் தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குத் தன் பேர் எழுத மட்டும் தெரியும்; நான் கதவைச் சாத்திக்கொண்டு நோட்டு எழுதுவதை அவள் பார்த்ததும் இல்லை. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “அக்கா, இது நீங்க எழுதுனதா?”

இருபத்தொரு வருஷமாக ஒரே முற்றம். அவளுக்கு இரண்டு பிரசவம் நான் பார்த்தேன். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பயந்துபோய் இருந்தது. இல்லை என்று நான் சொல்ல வேண்டுமே என்று பயந்த மாதிரி இருந்தது.

“எனக்கு எழுதவே தெரியாதே தம்பி” என்றேன்.

என் வீட்டுக்காரர் தூண்டில் நரம்பை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. பிறகு பல்லால் கடித்து அறுத்தார். அடுத்த தூண்டிலை எடுத்தார்.

தனசேகர் மனைவிதான் கத்தினாள். “நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கம்மா! நல்லா இருப்பீங்களா?” அவர் அவளை அடக்கிக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது தாளை மறுபடி உறையில் போட்டு, ஓரத்தை மடித்து, பைக்குள் வைத்தார். அந்தத் தாள் இன்றைக்கு மதுரையில் இருக்கும். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். எழுதிக் காட்டச் சொல்வார்கள் என்று பவுலின் வைத்த வக்கீல் சொன்னார்.

சொல்லட்டும். நான் அன்றைக்கே எல்லாம் யோசித்துவிட்டேன். பள்ளிக்கூடச் சான்றிதழை அடுப்பில் வைத்தேன். நோட்டையும் வைத்தேன். அட்டை எரிய நேரமானது. அறுபது பாயிண்ட். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. பாங்கில் போய், கை நடுங்குகிறது, இனிமேல் கைரேகைதான் என்று மாற்றிக்கொண்டேன். சங்கத்தில் ரேகை. கோயில் பதிவில் ரேகை. இந்த விரலைப் பார்த்தீர்களா? நகக் கண்ணில் மை, கழுவினாலும் போவதில்லை. பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத்தான் ஏறுகிறேன். எழுத்து கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியவில்லை டீச்சர், அதுதான் கஷ்டம். கண்ணைத் திருப்பிக்கொள்ளப் பழகிவிட்டேன். இன்றைக்குத்தான் உங்களிடம் தவறிவிட்டது. மதுரையில் தவறாது.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அருப்புக்கோட்டை வந்துவிட்டது பாருங்கள். அந்தப் பேனாவை மூடிக்கொள்ளுங்கள், சேலையில் பட்டுவிடும்.

பவுலின் விழித்துவிட்டாள். இங்கே திரும்பிப் பார்க்கிறாள். பையைத் தட்டிப் பார்க்கிறாளே, அதற்குள் மைப்பெட்டி இருக்கிறது. எனக்காக வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு விரலைச் சரியாக உருட்டத் தெரியாது என்று அவளே என் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் அழுத்துவாள். நான் கையைத் தளர்த்திக் கொடுத்துவிடுவேன்.